செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: அடுத்த மீட்டிங்குக்கு வீட்டுல இருந்து ஒருத்தர கூட்டிட்டு வாங்க

எல்லாருக்கும் வணக்கங்க. 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும், ஃபைப்ரோமயால்ஜியாங்கற தீராத உடம்பு வலியோட இருக்கறவங்களுக்கான நம்ம சங்கத்துல என்ன நடந்துச்சு, எது நடக்காம போச்சுன்னு சொல்ல வேண்டியது செயலாளர் பொறுப்பு, அதான் எழுதி கொண்டு வந்திருக்கேன். வரவு செலவு பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க. இது கொஞ்சம் நீளம், நடுவுல எந்திரிச்சு நாலு எட்டு நடக்கணும்னா நடங்க, ஒரே எடத்துல உக்காந்திருந்தா நம்மாளுங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்.

மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கூடுனோம். தீபாவளி சமயத்துல மட்டும் நடத்தல, திருப்பூர்ல அப்ப எல்லாருக்கும் ஒன்றரை ஷிப்ட்டு, ஞாயிறும் வேலை, யாரு வருவாங்க. வர்றவங்கள்ல பாதிக்கு மேல பனியன் கம்பெனி ஆளுங்க, பவர் டேபிள் டெய்லர், செக்கிங், அயர்னிங், அப்புறம் ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கற பொண்ணுங்க, வீட்டுல இருக்கற அக்காங்க. ஆம்பளைங்க கம்மிதான், வலிக்குதுன்னு வெளிய சொல்ல இன்னும் கூச்சப்படறாங்க.

ஜூன் மீட்டிங்குக்கு கோயமுத்தூர்ல இருந்து ஒரு வாத நோய் டாக்டர் வந்தாரு, ஒரு பைசா வாங்கல, அவருக்கு இந்த மேடையில மறுபடி நன்றி. அன்னைக்குத்தான் பல பேருக்கு தசைப்பிடிப்பு வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கும் வித்தியாசம் புரிஞ்சுது. கழுத்துலயோ தோள்பட்டையிலயோ ஒரே எடத்துல முடிச்சு மாதிரி கட்டி நின்னு, அத அமுக்குனா வலி தலை வரைக்கும் ஏறுதுன்னா அது தசைப்பிடிப்பு வலி, ட்ரிகர் பாயின்ட்னு சொல்றாங்க. குனிஞ்சே தைக்கறவங்களுக்கு இது நெறைய. இத பத்தி வாழ்க்கை பூரா ஆராய்ச்சி செஞ்ச ஜேனட் ட்ராவல்ங்கற அம்மா அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கே டாக்டரா இருந்தவங்களாம். அதுக்கு ஒத்தடம், ஸ்ட்ரெச்சிங், சேர் உயரத்த மாத்தறது, இதெல்லாம் நல்லா கேக்கும்.

ஃபைப்ரோமயால்ஜியா வேற. உடம்பு பூரா வலி, மேலயும் கீழயும், வலப்பக்கமும் இடப்பக்கமும், 3 மாசத்துக்கு மேல. எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சாலும் மூட்டை தூக்குன மாதிரி அசதி, பேசிட்டு இருக்கும்போதே என்ன சொல்ல வந்தோம்னு மறந்து போறது. 1990-ல உடம்புல 18 எடம் குறிச்சு அதுல 11 எடத்துல அமுக்குனா வலிக்குதான்னு பாத்தாங்களாம், 2010-ல அத மாத்தி 19 பகுதியில எங்கெங்க வலி, அசதி எவ்வளவு, தூக்கம் எப்படின்னு கேட்டு மார்க் போடறாங்க. அந்த கேள்விகள தமிழ்ல எழுதி எல்லாரும் நிரப்புனோம், அத எடுத்துட்டு போனா டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சுடலாம். ஆனா தைராய்டு, வைட்டமின் டி குறைவு, சரவாங்கிங்கற முடக்குவாதம், கொலஸ்ட்ராலுக்கு சாப்பிடற ஸ்டேட்டின் மாத்திரை, இதுங்கனாலயும் உடம்பு வலிக்கும், அதெல்லாம் பாக்காம நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது.

ப்ளட் டெஸ்ட் நார்மல், ஸ்கேன் நார்மல்னு வந்தா வீட்டுல என்ன சொல்றாங்கன்னு எனக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆறு வருசம் நானும் கேட்டேன். "ஒன்னும் இல்லைன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு, அப்புறம் என்ன?" டாக்டர் இதுக்கு சொன்ன பதில நான் அப்படியே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட் கட்டறாங்கல்ல, மைக் முன்னாடி ஒருத்தர் மெதுவா செருமுனாலும் நாலு தெரு தாண்டி கேக்கும், செருமல் சின்னதுதான், சத்தம் பெருசு. நம்ம நரம்பும் மூளையும் அந்த ஆம்ப்ளிஃபையர் மாதிரி ஏத்தி வச்ச நிலையில இருக்கு. 2002-ல அமெரிக்காவுல கட்டைவிரல் நகத்துல ஒரே அளவு அழுத்தி ஸ்கேன்ல மூளையப் பாத்தாங்க, இந்த நோய் இருக்கறவங்களுக்கு அந்த லேசான அழுத்தத்துக்கே மூளையில வலி சம்பந்தப்பட்ட பல எடம் வேலை செஞ்சுது, மத்தவங்களுக்கு அவ்வளவு இல்ல. நடிச்சு அந்த படத்த வர வைக்க முடியாதுங்க.

மருந்து விஷயம் ரெண்டு மீட்டிங் ஓடுச்சு. ராத்திரி சின்ன டோஸ்ல அமிட்ரிப்டிலின், இல்லைன்னா டுலோக்சிட்டின், ப்ரீகாபலின், இதுங்கதான் பொதுவா எழுதறாங்க. மெடிக்கல்ல "இது மன அழுத்தத்துக்கு குடுக்கறதாச்சே"ன்னு சொன்னாங்கன்னு ஒரு அக்கா டுலோக்சிட்டின திடீர்னு நிறுத்தி, தலை சுத்தி, நாலு நாள் எந்திரிக்கவே முடியல. அதே மாத்திரை வலிய அடக்கற நரம்புக்கும் வேலை செய்யுதுன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா இப்படி ஆயிருக்காது. ப்ரீகாபலின் சாப்பிட்டு தூக்கக் கலக்கத்தோட மெஷின்ல உக்காந்த தம்பி ஒருத்தருக்கு விரல்ல ஊசி ஏறிடுச்சு, இப்ப டாக்டர்கிட்ட சொல்லி டோஸ ராத்திரிக்கு மாத்திட்டாரு. தயவு செஞ்சு கேக்கறேன், வாராவாரம் வலி ஊசி போட்டுக்கற பழக்கத்த விடுங்க, இந்த நோய்க்கு அதுவும் ஸ்டீராய்டும் பெருசா உதவாது, வயிறும் கிட்னியும்தான் கெட்டுப் போகும்.

இந்த வருசம் நடந்த பெரிய தப்பு என்னோடது. 2016-ல ஐரோப்பிய டாக்டருங்க அமைப்பு இந்த நோய்க்கு இருக்கற எல்லா சிகிச்சையையும் அலசிப் பாத்து, உடற்பயிற்சிய மட்டும்தான் உறுதியா சிபாரிசு பண்ணுச்சுன்னு கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கல, ஜூலை மொத வாரமே காலையில 40 நிமிஷ நடைன்னு ஆரம்பிச்சுட்டேன். அடுத்த வாரம் பாதிப் பேரு வரல, படுத்துட்டாங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்பு கேட்டேன். அப்புறம் பிசியோ தங்கச்சி சொன்னபடி 5 நிமிஷத்துல இருந்து தொடங்கி, உடம்பு பழகப் பழக வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டுனோம், முடியாதவங்க அதே நிமிஷத்துலயே நின்னாங்க. நல்லா இருக்கற நாள்ல சேத்து வேலை பாத்துடலாம்னு இழுத்துப் போடக் கூடாது, வலிக்கற நாள்ல சுத்தமா நிறுத்தவும் கூடாது, இதுதான் கஷ்டமான பாடம். மார்ச்ல அதே அக்காங்க 25 நிமிஷம் நடக்கறாங்க. வலி போயிடுச்சான்னு கேட்டா இல்ல, ஆனா ராத்திரி தூக்கம் வருதுன்னு சொல்றாங்க. தூக்கம் சின்ன விஷயம் இல்லீங்க, 1975-லயே கனடாவுல நல்லா இருந்த ஆளுங்கள ஆழ்ந்த தூக்கத்துல தொந்தரவு பண்ணி பாத்திருக்காங்க, கொஞ்ச நாள்லயே அவங்களுக்கும் தசை வலி வந்துச்சாம். நைட்டு ஷிப்ட்டு பாக்கறவங்க இத வீட்டுல சொல்லணும்.

வீட்டுல சொல்லணும்னு சொன்னேன்ல, இந்த வருசம் நான் கத்துக்கிட்ட ஒரே பெரிய விஷயம் அதுதான். நாம எவ்வளவு தெரிஞ்சுக்கிட்டாலும் வாசப்படி தாண்டி உள்ள போனா "வந்துட்டா, படுக்கப் போறா"ங்கற பேச்சுதான். அதனால டிசம்பர்ல இருந்து வர்ற ஒவ்வொருத்தரும் வீட்டுல இருந்து ஒருத்தர கூட்டிட்டு வரணும்னு வச்சோம். மொத மாசம் ஒரு மாமியார் வந்தாங்க, மருமக மேல கோவமாத்தான் வந்தாங்க, "எங்க காலத்துல வலிக்கலையா, நாங்க என்ன சங்கமா வச்சோம்"னு கேட்டாங்க. மைக் செட் கதைய சொல்லி, அந்த கேள்வித் தாள அவங்க கையிலயும் குடுத்தோம். நிரப்பிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "இருவது வருசமா இத யாருகிட்டயும் சொன்னதில்ல கண்ணு"ன்னாங்க. இப்ப மாமியாரும் மருமகளும் சேந்துதான் நடக்கறாங்க, காலையில மாவு அரைக்கற வேலைய வீட்டுல மகன் செய்யறாரு.

மே 12 விழிப்புணர்வு நாளுக்கு ஊதா ரிப்பன் குத்தி நோட்டீஸ் குடுத்தோம், அவ்வளவுதான் முடிஞ்சுது. கடைகள்ல வேலை செய்யறவங்க உக்கார எடம் குடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்திருக்கு, அத பிரிண்ட் எடுத்து சில கடைகளுக்கு போனோம், ஒரு கடையில ஸ்டூல் போட்டுட்டாங்க, ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் முறைக்கறாராம், மறுபடி போகணும். வீட்ட விட்டு வர முடியாத மூணு பேருக்கு மக்களைத் தேடி மருத்துவம் பிசியோ வீட்டுக்கே வர ஏற்பாடு பண்ணோம்.

நடக்காதது: கம்பெனிகள்ல மணிக்கு ரெண்டு நிமிஷம் கையக் கழுத்த நீட்டி மடக்க நேரம் கேட்டோம், பீஸ் ரேட்டுல ஓடற எடத்துல ஓனர் மட்டும் இல்ல, டெய்லருங்களே ஒத்துக்கல, ரெண்டு நிமிஷம்னா அவங்களுக்கு அது காசு. இதுக்கு என்ன வழின்னு புது கமிட்டி யோசிக்கணும். அடுத்த மீட்டிங் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெந்நீர் பை இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, வீட்டு ஆள மறக்காதீங்க, டீ செலவு இந்த தடவை நான் பாத்துக்கறேன்.