தீக்கோடு வெட்ட நாங்கள் இருக்கிறோம்: வனத்துறைக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் தேனி மாவட்டத்துக்காரன். 18 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு 2020இல் நாயக் பதவியோடு ஊர் திரும்பினேன். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரிக் காவல் பார்க்கிறேன். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை, என் பிள்ளைகள் படிப்பது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் மாசி பிறந்து காற்று காய ஆரம்பித்ததும், மேற்கே மலையில் யாரோ சிவப்பு நூலை இழுத்துப் போட்டது மாதிரி தீ வளைந்து வளைந்து ஏறும். கேட்டுப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்து மலைகளுக்கென்று முன்னாள் படைவீரர்களைக் கொண்டு, காட்டைக் காக்கிற ஒரு சூழலியல் படை அமைக்க வேண்டும். தீக்கோடு வெட்டுவது, அதாவது தீ தாவாமலிருக்கப் புல்லையும் புதரையும் வெட்டி வெறும் தரைப்பட்டை விடுவது, அதன் வேலைகளில் ஒன்று. அதில் சேருகிறவர்களுக்குக் காட்டுத்தீயைப் பற்றி முறையாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவர்களை மலையேற்ற வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. பிராந்திய ராணுவத்தின் (டெரிட்டோரியல் ஆர்மி, வழக்கமான ராணுவத்துக்குத் துணையாக இருக்கிற படை) 127ஆவது பட்டாலியனை, கட்வால் ரைஃபிள்ஸோடு இணைத்து, 1982 டிசம்பரிலேயே சூழலியல் பட்டாலியனாக உருவாக்கினார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி எலும்பாகிப் போயிருந்த மசூரி மலைச் சரிவுகளில் மரம் வளர்க்கத்தான் அந்தப் படை. ஆட்கள் பெரும்பாலும் அதே பகுதியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அப்புறம் ராஜஸ்தானில் இந்திரா காந்திக் கால்வாயை ஒட்டிய மணல்மேடுகள், பித்தோராகர், ஜம்மு, இமாச்சல், டெல்லியில் கைவிடப்பட்ட பட்டி சுரங்கங்கள், அசாம், மராத்வாடாவின் வறண்ட குன்றுகள் என்று வரிசையாக வந்தன. ஆட்களையும் ஒழுங்கையும் ராணுவம் தரும், செலவைச் சுற்றுச்சூழல் அமைச்சகமோ அந்தந்த மாநில அரசோ ஏற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இவ்வளவு நீளத்தை வைத்திருக்கிற தமிழ்நாட்டில் அப்படி ஒரு படை இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமே நீலகிரியில், வெலிங்டனில் இருக்கிறது. நாங்கள் ரெக்ரூட்டாக மூட்டை சுமந்து ஓடியது அந்தச் சரிவுகளில்தான். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்டியது. நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து எவ்வளவு கொட்டினாலும், வேருக்கடியிலும் மட்கிய சருகுக்கடியிலும் கனன்றுகொண்டிருப்பதைக் கிளறி அணைக்க ஆள் நடந்துதான் போக வேண்டும்.

குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 மார்ச் 11. மலையேற்றத்துக்குப் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வருகிற வழியில் தீயில் மாட்டி, சிகிச்சை பலனில்லாமல் பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு நான் வடக்கே பணியில் இருந்தேன். ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருட்டில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி ஆட்களைத் தூக்கி இறக்கியதை ஃபோனில் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, தீக்காயத்துக்கு முதலுதவி, வயர்லெஸ் பேசுவது, ராத்திரியில் வரைபடம் பார்த்து மலை ஏறுவது எல்லாம் எனக்குப் பட்டாளம் சொல்லிக்கொடுத்தவை. அந்தக் கைகள் 2000 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தன.

ஊர் வந்தபிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், எங்கள் ஊருக்கு மேலே தீப்பிடித்ததும் தன்னார்வலனாக நானும் ஏறினேன். எனக்கு முன்னால் போனவர் பளியர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், தீத்தடுப்புக் காவலர், 55 வயதுக்கு மேல் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் பச்சைக் குழை ஒரு கட்டு, வேறொன்றும் இல்லை. நான் பட்டாளத்து மிடுக்கில் பையன்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, தீயை முந்திப் போய் மேலே மறிக்கலாம் என்று ஏற ஆரம்பித்தேன். அவர் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தார். "சார், மேல போவாதீங்க. அது நம்மள விட வேகமா ஏறும். கருகின பக்கமா வாங்க" என்றார். இழுத்துக்கொண்டு போய், தீ தின்றுவிட்டுப் போன கறுப்புத் தரையில் எங்களை நிறுத்தினார். காலுக்குக் கீழே சூடு ஏறியது, அவர் செருப்பின் விளிம்பு இளகி வளைந்திருந்தது. குனிந்து ஒரு பிடி சாம்பலை எடுத்து விரலிடுக்கில் விட்டார், அது சாய்ந்த திக்கைப் பார்த்தார், "இப்ப திரும்பும்" என்றார். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. நான் மறிக்கப் போன அந்த இடம், ஆள் உயரப் புல் நின்ற இடம், ஒரே மூச்சில் எரிந்தது. கூட வந்த பையன்களில் ஒருவன் என் அக்கா மகன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். எங்களிடம் உடம்பு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, கட்டளைக்குக் கீழ்ப்படிகிற பழக்கம் இருக்கிறது. ஆனால் தீ எங்களுக்குப் பழகிய எதிரி இல்லை. பயிற்சி இல்லாத துணிச்சல் அந்த மலையில் நாலு பிள்ளைகளைக் கொன்றிருக்கும். அதனால் "முன்னாள் ராணுவத்தினர்தானே, அனுப்பினால் பார்த்துக்கொள்வார்கள்" என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதைச் செய்கிறார்கள். போரிலிருந்து திரும்பியவர்களைச் சேர்த்து, அவர்களின் வனத்துறையும் தொண்டு அமைப்புகளும் முன்னாள் வீரர்களுக்கான தீயணைப்புக் குழுக்களை நடத்துகின்றன. தீ எப்படி நகரும், சரிவும் காற்றும் காய்ந்த புல்லும் சேர்ந்தால் என்ன ஆகும், தப்பும் வழி எது என்று முதலில் வகுப்பில் உட்காரவைத்துப் படிக்கவைக்கிறார்கள். பிறகு ஒரு தேர்வு: சுமார் 20 கிலோ மூட்டையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும், ஓடக் கூடாது. பட்டாளத்தில் இருந்த யாருக்கும் இது மலைப்பாக இருக்காது. நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்குள்ள காடு வேறு, இங்குள்ள காடு வேறு. ஆனால் பயிற்சி, தேர்வு, அதற்குப் பிறகே களம் என்ற அந்த ஒழுங்கு வேண்டும்.

பயிற்சி கொடுப்பவர்கள் யார் என்று கேட்டால், வனத்துறையின் அனுபவசாலிகளோடு பளியரும் முதுவரும் குறும்பரும் இருளரும் ஆசிரியர்களாக, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு இருக்க வேண்டும். எங்கள் படை வந்து அவர்கள் வேலை போய்விட்டது என்று ஒரு குடும்பம் சொல்லும்படி ஆகக்கூடாது. தற்காலிகப் பணியில் கிடக்கிற தீத்தடுப்புக் காவலர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் எங்களுக்குத் தருகிற அதே பூட்ஸ், அதே காப்பீடு தர வேண்டும். அவர் ரப்பர் செருப்போடும் நான் பூட்ஸோடும் ஒரே தீக்குள் போக என் மனசு ஒப்பாது.

மழைக்காலத்தில் இந்தப் படைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். வேலைக்கா பஞ்சம்! உன்னிச்செடியும் மஞ்சக்கொன்னையும் காட்டை மூடிக்கொண்டு வருகின்றன. அரசே 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. உன்னியை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குக் கீழே வேரை வெட்டி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், புதரைப் புதராக, நாள் கணக்கில். அது காய்ந்து நிற்கிற இடத்தில் தரைத்தீ அதைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு ஏறும், ஆக அதை எடுப்பதும் தீத்தடுப்புதான். சோலை மரங்களுக்கு நாற்றங்கால், புல்வெளியை விழுங்குகிற சீகை (வாட்டில்) மரங்களை அகற்றுவது என்று சொல்லிக்கொண்டே போகலாம். கூடாரம் போட்டு ஆறு மாதம் ஒரே இடத்தில் தங்கி ஒரே வேலையைச் செய்வது எங்களுக்குப் பழகிய வாழ்க்கை.

இன்னொன்று. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் அக்னிவீரர்களாகச் சேர்ந்தவர்களுக்குப் பட்டாளம் நான்கு வருஷம்தான். நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் 25 வயதுக்கு முன்னும் பின்னுமாக, பென்ஷன் இல்லாமல் ஊர் வருவார்கள். எனக்கே 38 வயதில் வந்து, காலை 4 மணிக்கு விழித்துக்கொண்டு, ஃபால்-இன் (வரிசையில் நிற்கிற அணிவகுப்பு) இல்லாத முற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நாட்கள் உண்டு. அந்தப் பையன்களும் அப்படி நிற்க வேண்டுமா?

படை அமைக்க டெல்லியில் கோப்பு நகர வேண்டும், நாளாகும், தெரியும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தேனியிலோ நீலகிரியிலோ ஒரு மாதப் பயிற்சி முகாம் ஒன்றை உங்கள் இரண்டு துறைகளும் சேர்ந்து நடத்தலாமே. எங்கள் ஊர்ப் பக்கத்தில் 14 பேர் எனக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு), இரண்டு பேர் மருத்துவப் பிரிவு, மற்றவர்கள் என்னைப் போல இன்ஃபன்ட்ரி (காலாட்படை). தை மாதத்தில் தீக்கோடு வெட்ட ஆரம்பிப்பீர்கள், அதற்கு முன் மார்கழியில் முகாம் வையுங்கள். தேதியும் இடமும் சொன்னால் போதும், சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாயக் ஒருவர்,
தேனி மாவட்டம்