கலிங்கு இல்லாத ஏரி: கோடை உலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிகாகோ, மில்வாக்கி, மேடிசன் வட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கோடை உலா நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். விஸ்கான்சின் மாநிலத்தில் பராபூ நகரை ஒட்டியுள்ள டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவுக்கு இந்த ஆண்டும் நீங்கள் குடும்பங்களை அழைத்து வருவீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். மேடிசனில் குடியிருக்கும் நான் பல ஆண்டுகளாக அந்த ஏரிக்குப் போய் வருகிறேன். என் பிள்ளைகள் இருவரும் அதன் வடகரையில்தான் நீந்தக் கற்றார்கள். வராதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல, வரும்போது ஒன்றை மனத்தில் கொண்டு வாருங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் தென்கரையில் நம்மவர் கூட்டம் ஒன்று உணவை முடித்திருந்தது. என்னைத் தமிழர் என்று கண்டுகொண்டதும் அழைத்து உட்காரவைத்து, ஒரு குவளை நிறையப் பாயசம் கொடுத்த அன்பான மனிதர்கள் அவர்கள். சற்று நேரத்தில் இருவர் பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீரோரம் போனார்கள். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றித் தேய்த்து, ஏரி நீரை அள்ளி அலசி, அங்கேயே கவிழ்த்தார்கள். மஞ்சள் படிந்த எண்ணெய்ப் படலம் நீரின் மேல் விரிந்தது. மிதந்த சோற்றுப் பருக்கைகளைக் கொத்தச் சிறு மீன்கள் திரண்டன. பத்தடி தள்ளிக் குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கி நான் சொன்னபோது அவர்களில் ஒருவர், "அதனால் என்னங்க, ஏரிதானே, எல்லாம் ஓடிப்போயிடும்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, ஏனெனில் நம் ஊர் ஏரிகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நம் ஊர் ஏரிக்கு நீரைத் திறந்துவிட மடை உண்டு, மிகுநீர் வழியக் கலிங்கு உண்டு. நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். இந்த ஏரிக்கு இவற்றில் எதுவுமே இல்லை. ஒரு காலத்தில் இரு குன்றுகளுக்கு இடையே ஆறு ஓடிய பள்ளத்தாக்கு இது. கடைசிப் பனியூழியில் வந்த பனிப்பாறை, பள்ளத்தாக்கின் இரு வாய்களிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்துவிட்டுப் போயிற்று. நடுவில் தேங்கியதுதான் சுமார் 360 ஏக்கர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் 50 அடிக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் கொண்ட இந்த நீர். சிறிய ஓடை ஒன்று உள்ளே வருகிறது. வெளியே போகும் ஓடை கிடையாது. நீர் மண்ணுக்குள் கசிந்தும் வெயிலில் ஆவியாகியுமே குறைகிறது. கரைந்துவந்த சத்துகளில் பெரும்பங்கு அடியிலேயே தங்கிவிடுகிறது.

அப்படித் தங்குவதில் முதன்மையானது பாஸ்பரஸ். ரயில் பாதை வந்தபின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரையில் இருந்த விடுதிகள், பிறகு வந்த குடில்கள், சுற்றியிருந்த பண்ணைகள் ஆகியவற்றிலிருந்து இறங்கிய பாஸ்பரஸ் அடிச்சேற்றில் படிந்தது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது அது சேற்றைவிட்டு மீண்டும் நீரில் கரைந்து பாசிக்கு உணவாகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இறங்கிய கழிவு இன்றைய பாசியாக மேலே வருகிறது என்பதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சீராக்க மாநில இயற்கைவளத் துறை ஏரியின் ஆழத்திலிருந்து நீண்ட குழாய் ஒன்றைப் பதித்து, 2002 முதல் பாஸ்பரஸ் மிகுந்த அடிநீரை சைஃபன் முறையில், அதாவது பம்பு இல்லாமல் குழாய் வழியே நீர் தானாக வழியும்படி, வெளியேற்றத் தொடங்கியது. இயற்கை வைக்காத மடையை மனிதர் வைக்க வேண்டியதாயிற்று. அத்தனை பாடுபட்டு அடியில் எடுத்ததை நாம் உணவுக் கழிவோடு மேலே ஊற்றிக்கொண்டிருக்கலாமா?

ஆகவே உங்களிடம் என் முதல் வேண்டுகோள் எளியது. எந்தப் பாத்திரத்தையும் கரையில் கழுவாதீர்கள். மிச்சத்தை வழித்துப் பையில் கட்டி, அண்டாவை மூடி, வீட்டுக்கே கொண்டுபோங்கள். மீந்த சோற்றை வாத்துகளுக்குப் போடுவதைப் புண்ணியம் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். இங்கே அந்தச் சோறு எச்சமாகி மறுபடியும் நீருக்குள்தான் போகிறது. முகாமிட்டுத் தங்குவோர் இல்லினாயிலிருந்து விறகு ஏற்றி வர வேண்டாம்: மரங்களைத் துளைத்துக் கொல்லும் பூச்சிகள் விறகோடு வருகின்றன என்பதால், பத்து மைலுக்கு அப்பாலிருந்து வரும் சான்றிதழ் பெறாத விறகுக்கு இம்மாநிலப் பூங்காக்களில் தடை உண்டு.

இரண்டாவது வேண்டுகோள் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். வடகரையிலும் தென்கிழக்கு மூலையிலும் புல் மூடிய தாழ்வான மண்மேடுகள் சில உள்ளன. சாய்ந்து உட்கார வசதியாக இருப்பதால் அவற்றின் மேல் ஜமக்காளம் விரித்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பறவை, கரடி முதலிய வடிவங்களில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்துப் பூர்வகுடிகள் எழுப்பிய மேடுகள் அவை. இப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களின் மொழியில் இந்த ஏரியின் பெயருக்குப் புனித ஏரி என்று பொருள். 'பிசாசின் ஏரி' என்பது வெள்ளையர் செய்த பிழையான மொழிபெயர்ப்பு. ஆதிச்சநல்லூரையும் கீழடியையும் பற்றிப் பெருமையோடு பேசும் நாம், பிறருடைய முன்னோர் எழுப்பிய மேட்டின் மேல் அமர்ந்து சாப்பிடலாகாது. பேருந்திலிருந்து இறங்கும் முன்பே இதை ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் போதும். நம் மக்கள் கேட்பார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு மேல் சுமார் 500 அடி உயர்ந்து நிற்கும் குன்றுகள் குவார்ட்சைட் என்னும் பாறையால் ஆனவை. ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறமுடைய அப்பாறைக்கு வயது 160 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அழகானது, ஆனால் மழை நனைத்துவிட்டால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். பாலன்ஸ்டு ராக் பாதையின் கற்படிகள் செங்குத்தானவை. உச்சி விளிம்புகளில் கைப்பிடிச் சுவர் கிடையாது. புடவையும் தோல் செருப்புமாக ஏறத் தொடங்கிப் பாதியில் பயந்து உட்கார்ந்துவிட்ட ஓர் அம்மாவை, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கச் செய்து, நானும் என் மகளும் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறோம். வயதானவர்களுக்கு ஏரியோரமாக எளிய நடைபாதைகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிழக்குக் கரையை ஒட்டிய தண்டவாளத்தில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. அது புகைப்படம் எடுக்கும் இடமல்ல. குளிக்கும் கரைகளில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. எனவே நீந்தத் தெரியாத ஒவ்வொரு குழந்தைக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். பெரியவர்களில் இருவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, நீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளைத் தாங்கும் பூங்கா இது. ஜூலை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வந்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். தேதியை மாற்ற முடியுமானால் செப்டம்பர் கடைசியில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். விசைப்படகுகளில் மின்மோட்டாருக்கு மட்டுமே இங்கு அனுமதி என்பதால் காலையில் ஏரியின் மேல் துடுப்பின் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்காது. மேற்குக் குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் வான்கோழிக் கழுகுகள் நமக்குக் கீழே வட்டமிடும். நம் குழந்தைகள் அதைக் காண வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் உலாவின் தேதி முடிவானதும் சொல்லுங்கள். அன்று காலை ஏழு மணிக்கே வடகரைக்கு வந்து, மேடுகள் எங்கே, எந்தப் பாதை யாருக்கு ஏற்றது என்று உங்களோடு நடந்து காட்டுகிறேன். திரும்பும்போது கழுவாத அண்டாக்களை வண்டியில் ஏற்றவும் ஒரு கை கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மேடிசனில் வசிக்கும் உங்கள் சகோதரி