காளான் சாயக்கூடத்துக்கு உதவி கேட்கிறோம்

மலையக உறவுகளுக்கும் நலன் விரும்பிகளுக்கும் வணக்கம்.

எங்கள் தோட்டத்துச் சமூக மண்டபத்தின் பின்கட்டில் சாயக்கூடம் ஒன்று அமைக்கிறோம். காட்டுக் காளானால் கம்பளிக்குச் சாயமேற்றி, பை, தொப்பி முதலான ஃபெல்ட் பொருட்கள் (கம்பளி இழைகளை நெய்யாமல், நனைத்துத் தேய்த்து இறுக்கிச் செய்பவை) செய்ய 12 பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறோம். இடம் இருக்கிறது. கருவிகளுக்கும் கம்பளிக்கும் உங்கள் கை வேண்டும்.

காளானில் சாயம் எடுப்பது, 1970களில் கலிபோர்னியாவில் மிரியம் ரைஸ் என்ற கலைஞர் வளர்த்தெடுத்த கலை. இங்கே நாங்கள் நம்பியிருப்பது யூக்கலிப்டஸ், பைன் வேர்களோடு கூடி வாழும் பிசோலித்தஸ் காளானை. பாதி மண்ணுக்குள் புதைந்த உருண்டை. வெட்டினால் அடியில் பயறளவு மஞ்சள் மணிகள். மேல்பக்கம் முதிர்ந்து காப்பித்தூள் போலப் பொடிந்திருக்கும். அந்தப் பொடி தண்ணீரில் நனையாமல் மிதக்கும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுக் குழைத்தால்தான் சாயம் இறங்கும். மூச்சில் ஏறாமலிருக்க முகக்கவசம் கட்டாயம்.

1 கிலோ கம்பளிக்கு 120 கிராம் படிகாரம், 1 கிலோ உலர்ந்த காளான், 30 லீற்றர் தண்ணீர். பொன்பழுப்பு கிடைக்கும். கடைசியில் 20 கிராம் இரும்பு சல்பேற்று சேர்த்தால் கரும்பழுப்பு. அதற்கு மேல் போட்டால் கம்பளி முரடாகி இற்றுப்போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சூடு. 80 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம், கொதிக்காமல், கிண்டாமல் வைத்து, பானையிலேயே ஆறவிட வேண்டும். கொதித்தாலோ சுடுநீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினாலோ கம்பளி இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பானைக்குள்ளேயே இறுகிவிடும். அந்த இறுக்கம் மேசையில், சவர்க்கார நீரில் நம் கைபட்டு வர வேண்டியது. அங்கே மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். 20 சென்றிமீற்றர் பைக்கு 30 சென்றிமீற்றர் அகலம் விரிக்க வேண்டும். விறகடுப்பில் சூட்டை இப்படிப் பிடித்துவைப்பது கடினம். அதனால் கம்பளியைவிட முதலில் இவற்றைக் கேட்கிறோம்: 40 லீற்றர் எவர்சில்வர் பானை இரண்டு, காஸ் அடுப்பு இரண்டு, வெப்பமானி இரண்டு, கிராம் காட்டும் தராசு ஒன்று. இரும்புப் பானை வேண்டாம், நிறம் கறுத்துவிடும். சமையலுக்குப் புழங்கிய பானை தந்தாலும் சரி, ஆனால் அது மறுபடி சமையலுக்குத் திரும்பாது.

கம்பளி ஆளுக்கு அரை கிலோ வீதம் 6 கிலோ, சாயமேற்றாத மெரினோ (மெரினோ இனச் செம்மறியின் மென்மையான கம்பளி). யாழ்ப்பாணச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது என்பதால் இறக்குமதிதான். செலவில் பெரும் பங்கு இதற்கே. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் ஒரு கிலோ கொண்டுவந்தாலும் இரண்டு பேருக்குப் போதும். பருத்தி வேண்டாம், அது ஃபெல்ட் ஆகாது.

காளானை அனுமதியோடு தோட்ட எல்லைக்குள் மட்டும் எடுப்போம். வித்துப் பரவ, முதிர்ந்தவற்றில் பாதியை விட்டுவிடுவோம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைப்பதில்லை.

பணமோ பொருளோ, குழுவின் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் மண்டப அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். ஒக்டோபர் மழையில் காளான் எடுக்கத் தொடங்குவதால், பானைகளும் அடுப்புகளும் செப்டெம்பருக்குள் கிடைத்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
சாயக்கூட அமைப்புக் குழு