பள்ளிக்கு நடந்து வரும் பாதையும் நகராட்சியின் வரவு செலவுத் திட்டமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

கொடைக்கானலில் வரும் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டம் உருவாகும் காலம் இது. எந்தத் தெருவுக்குத் தார் போடுவது, எந்த வடிகாலைக் கட்டுவது, எந்த வளைவில் விளக்குக் கம்பம் நடுவது என்ற பட்டியல்கள் இந்த வாரங்களில்தான் வார்டு வாரியாக எழுதப்படும். பட்டியலில் ஏறாத வேலைக்கு மதிப்பீடு தயாராவதில்லை; மதிப்பீடு இல்லாத வேலைக்குப் பணம் ஒதுக்கவும் இயலாது. நம் பிள்ளைகள் அன்றாடம் நடந்து வரும் பாதைகள் இந்த முறை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்ட கடிதம்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஆனந்தகிரி, நாயுடுபுரம், அண்ணா நகர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். செண்பகனூரிலிருந்தும் அட்டுவம்பட்டியிலிருந்தும் பேருந்தில் வருபவர்களும் நிறுத்தத்தில் இறங்கிய பின் நடந்துதான் வாயிலை அடைய வேண்டும். சாலையின் ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் திறந்த வடிகால், இரண்டுக்கும் இடையில் நிறுத்தி வைக்கப்பட்ட வாகனங்கள் என்று இருக்கும்போது, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது தார்ச்சாலையின் நடுப்பகுதி மட்டுமே. வளைவில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளை புத்தகப் பையோடு தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனிமூட்டத்திலும் அந்தச் சுவரும் சில இடங்களில் இருப்பதில்லை. மலைப்பகுதி மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் காலணியும் காலுறையும் விலையின்றி வழங்குகிறது. பிள்ளைகள் குளிரிலும் மழையிலும் நடந்து வருகிறார்கள் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதனால்தான் இவை நமக்குக் கிடைக்கின்றன. அந்தக் காலணி பதியும் பாதையையும் அதே அக்கறையோடு அமைத்துத் தருமாறு கேட்பது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன்.

நடப்பதற்கென்று பாதை அமைப்பது இந்த ஊருக்குப் புதிதன்று. 1863இல் ஏரி உருவானது; அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்று மக்கள் நடக்கிறார்கள், வாடகை மிதிவண்டி ஓட்டுகிறார்கள். 1872இல் மலை விளிம்பை ஒட்டிச் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, உலாவுவதற்காகவே கோக்கர்ஸ் வாக் அமைக்கப்பட்டது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளத்துப் பக்கமிருந்து கால்நடையாகவே மக்கள் இந்த மலையேறினார்கள். வருவோர் மகிழ்வதற்குப் பாதை அமைக்கத் தெரிந்த ஊரில், ஆண்டு முழுவதும் நடக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பாதை வேண்டும்.

நாம் கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் விதிகளின் துணையும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களின் ஓட்டத்தைவிட மனிதர்களின் நடமாட்டத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று கூறுகிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியியல் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரசின் 103ஆம் எண் நெறிமுறை, நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று கடந்து செல்ல அந்த அகலம் தேவைப்படுகிறது. தடையற்ற நடைபாதை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இவையெல்லாம் ஏட்டில் இருக்கும்போதே, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

ஆனால் சமவெளி நகரங்களுக்கு எழுதிய தீர்வுகளை அப்படியே இங்கே கேட்கக் கூடாது. "சாலையை அகலப்படுத்துங்கள்" என்று மனு எழுதுவது எளிது. மலையில் அகலப்படுத்துவது என்றால் சரிவை வெட்டுவது என்று பொருள். வெட்டிய சரிவு அடுத்த வடகிழக்குப் பருவமழையில் மண்ணோடும் மரத்தோடும் சாலையில் வந்து விழக்கூடும். மண் அள்ளும் இயந்திரத்தை இங்கே பயன்படுத்துவதற்கே தனி அனுமதி தேவைப்படுவது இந்த ஆபத்தினால்தான். ஆகவே அகலப்படுத்தும் கோரிக்கையைப் பள்ளியின் சார்பில் நான் முன்வைக்கப் போவதில்லை. இருக்கும் அகலத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை நிறைய உள்ளன. அவற்றில் முதன்மையானது சாலையோரத் திறந்த வடிகாலைச் சீரமைத்து, வலுவான கான்கிரீட் பலகைகளால் மூடி, அதன் மேலேயே பிள்ளைகள் நடக்கும்படி செய்வதாகும். மழைநீரும் தடையின்றி ஓடும், நடக்கவும் இடம் கிடைக்கும். பலகைகளைத் தூக்கிச் சுத்தம் செய்ய வழி விட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் சருகும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் சாலைக்கு வந்துவிடும். சில இடங்களில் 1.8 மீட்டர் கிடைக்காமல் போகலாம். அங்கே கிடைக்கும் அகலத்தையாவது கம்பமும் குப்பைத் தொட்டியும் மறிக்காமல் விட வேண்டும் என்று கேட்போம். அடுத்ததாக, தெருக்களை இணைக்கும் பழைய படிக்கட்டுப் பாதைகள். பிள்ளைகள் உண்மையில் பயன்படுத்துபவை இவையே. பாசி படிந்து வழுக்கும் படிகளைச் சொரசொரப்பாக்கி, ஒரு பக்கம் கைப்பிடி வைத்து, புதரை வெட்டி, விளக்குப் போட்டுக் கொடுத்தால் பெரிய சாலையைத் தொடாமலேயே பலர் பள்ளிக்கு வந்துவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு தெருவுக்குத் தார் போடும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

விளக்கைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது, மார்கழி, தை மாதங்களில் இருட்டிவிடுகிறது. வளைவைத் தாண்டிய பிறகுதான் காட்டெருமை நிற்பது தெரிகிறது. குப்பை குவிந்து கிடக்கும் இடத்துக்கு அது வந்தே தீரும். எனவே வளைவுகளில் விளக்கு, பாதையோரத்தில் புதர் நீக்கம், பள்ளிப் பாதையில் குப்பை கொட்டாதிருத்தல் ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாகவே வைக்கிறோம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதன் அவசரத்தை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பல நல்ல மனுக்கள் பயனற்றுப் போகின்றன. ஊருக்குள் ஓடும் முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. உள் தெருக்களும் படிக்கட்டுகளும் நகராட்சியைச் சேர்ந்தவை. குறுக்கே நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது. பாதையை ஒட்டிய மரம் வனத்துறையின் பொறுப்பில் இருக்கக்கூடும். நெடுஞ்சாலைத் துறையின் வடிகாலுக்குப் பலகை போடச் சொல்லி நகராட்சியிடம் மனு கொடுத்தால், அது மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டிருக்கும். அதற்காக யாரையும் குறை கூறவும் முடியாது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்கும் மனுவில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அந்த இடம் யாருடைய பொறுப்பு என்பதையும் எழுதவிருக்கிறோம். நகராட்சிக்கு உரியவை மன்றத்தின் தீர்மானத்துக்குச் செல்லும். நெடுஞ்சாலையைச் சார்ந்தவை நகராட்சித் தீர்மானத்தோடு, திண்டுக்கல்லில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குச் செல்ல வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்று பெற்றோர் பலரும் கேட்கிறீர்கள். நாம் கட்டும் சொத்து வரி உள்ளிட்ட நகராட்சியின் பொது நிதி, மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உள்ள சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவை முதலில் நாட வேண்டியவை. நாம் பழனி தொகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்த நிதிக்கும் நமக்கு உரிமை உண்டு. இவை தவிர நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. அதன்படி பொதுமக்கள் பங்காக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வந்தால் மீதியை அரசு தரும். படிக்கட்டுச் சீரமைப்பு போன்ற சிறு வேலைகளுக்கு இது மிகவும் பொருத்தமானது. ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பங்கைப் பெற்றோரிடமிருந்து திரட்டும் எண்ணம் பள்ளிக்கு இல்லை. விடுதிகளில் அறை துடைப்பவர்களும் காட்டேஜ் காவலாளிகளும் தோட்டக் கூலிக்குச் செல்பவர்களும்தான் நம் பெற்றோரில் மிகுதி. இந்த ஊரால் வாழும் விடுதி உரிமையாளர்களையும் வணிகர்களையும் நம் பழைய மாணவர்களையும் மேலாண்மைக் குழு நேரில் கண்டு கேட்கும். பள்ளியின் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். உடனே என்னிடம் தெரிவியுங்கள்.

மிதிவண்டியைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுத் திண்ணையில் நிற்கிறது, அல்லது வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஏற்றத்தில் மிதிக்க இயலாததும், இறக்கத்தில் சுற்றுலா வண்டிகளோடு போட்டியிட அஞ்சுவதுமே இதற்குக் காரணம். எல்லாச் சாலைகளிலும் மிதிவண்டிப் பாதை கேட்பதில் பொருளில்லை. அகலம் இருக்கும் இடத்தில் முதல் உரிமை நடப்பவர்களுக்கே. ஏரிச்சாலை மட்டும் சமமானது. பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரமாவது அங்கே வாகனங்களைக் கட்டுப்படுத்தி மிதிவண்டிக்கு வழிவிட்டால், ஏரிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் துணிந்து வண்டியை எடுப்பார்கள். பள்ளி வளாகத்தில் பூட்டி வைக்கக் கூரையுள்ள நிறுத்துமிடம் அமைத்துத் தருவது எங்கள் பொறுப்பு.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதை அறிவீர்கள். 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. இந்த மலைச்சாலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்று, அதை ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. வண்டிகளுக்குக் கணக்கு இருப்பதைப் போல நடப்பவர்களுக்கும் கணக்கு இருந்தால்தான் திட்டமிடுவோர் அதை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கை நாமே எடுத்துக் கொடுக்கலாம்.

அதற்காகத்தான் இக்கடிதத்தோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். ஒரு நாள் காலை பிள்ளையோடு வீட்டிலிருந்து பள்ளி வாயில் வரை நீங்களும் நடந்து வாருங்கள். வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத இடம், மூடப்படாத வடிகால், உடைந்த படி, எரியாத விளக்கு, சாலையைக் கடக்க அஞ்சும் இடம் ஆகியவற்றை அருகிலுள்ள கடை அல்லது கோயிலின் பெயரோடு குறித்துத் தாருங்கள். "ரோடு சரியில்லை" என்று பொதுவாக எழுதுவதைக் கொண்டு பொறியாளர் மதிப்பீடு போட முடியாது. இன்ன கடை முதல் இன்ன வளைவு வரை என்று எழுதினால் முடியும்.

பள்ளி வாயிலில் நெரிசல் உண்டாவதில் நம் பங்கும் இருக்கிறது. ஜீப்பிலும் இருசக்கர வாகனத்திலும் பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் வாயிலுக்கு முன்னால் நிறுத்தாமல், சற்று முன்னதாக அகலமான இடத்தில் இறக்கிவிட்டு அங்கிருந்து நடக்கவிடுமாறு வேண்டுகிறேன். சாலையோரத்தில் சோளமும் கேரட்டும் பேரிக்காயும் விற்கும் பெற்றோர் அச்சப்பட வேண்டாம். நடைபாதை கேட்பது உங்களை அப்புறப்படுத்துவதற்கு அன்று. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி உங்களுக்கு விற்பனைக்கென இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த இடமும் பாதையோடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும் என்று மனுவிலேயே எழுதுவோம். நீங்கள் தரும் ஆலோசனை அதற்குத் தேவை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. உள்ளாட்சிப் பிரதிநிதியும் அதில் இருக்கிறார். படிவங்களைத் தொகுத்து, வரும் குழுக் கூட்டத்தில் மனுவை இறுதி செய்வோம். குடியரசு நாளை ஒட்டி நம் வார்டுகளில் கூடும் பகுதி சபையில் அதை முன்வைக்க வேண்டும். 2022 முதல் நகரங்களில் நடந்துவரும் இந்தச் சபைகளில், அந்தப் பகுதியின் வாக்காளர்களாகிய நீங்கள் பேசுவதற்குத்தான் மதிப்பு அதிகம். வேறு வார்டில் வசிக்கும் நானோ ஆசிரியர்களோ உங்களுக்குப் பதிலாகப் பேச முடியாது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் சிலராவது வர வேண்டும். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். அன்று வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் மனுவில் கையொப்பமிட்டு அனுப்பலாம்.

படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கவும். எழுதுவதற்குச் சிரமம் உள்ளவர்கள் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினாலும் போதும், வகுப்பாசிரியர் எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்