ஒரு வாரத்தில் வந்துவிடும் தொழிலா இது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் சுயதொழில் பக்கத்தில், "மசாஜ், அரோமாதெரபி ஆகியவற்றை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் 18 ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவரும் எனக்கு, அந்த வரிக்குமேல் படிக்க மனம் வரவில்லை.

நான் இதைக் கற்க ஓராண்டு ஆயிற்று. முதல் மூன்று மாதம் எவர் உடம்பையும் எங்களைத் தொட விடவில்லை. எலும்பு, தசை, ரத்த ஓட்டம், நிணநீர் என்று பாடம்தான் நடந்தது. பிறகு ஸ்வீடிஷ் முறையின் நீவுதல், பிசைதல், தட்டுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழகி, படுத்திருப்பவரின் உடம்பில் நாம் தொடும் பகுதியை மட்டும் விலக்கி மற்றதைத் துணியால் மூடிவைக்கக் கற்று, வந்தவர்களின் நோய், மருந்து, கர்ப்பம், ஒவ்வாமை அனைத்தையும் விசாரித்து எழுதிய குறிப்பேட்டை ஆசிரியையிடம் காட்டிய பின்னரே தேர்வு எழுத முடிந்தது.

எண்ணெய்களுக்குத் தனிப் பாடம். அரோமாதெரபி என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்த ரெனே மொரீஸ் கட்டஃபோஸே ஒரு வேதியியலாளர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 30 மில்லி பாதாம் எண்ணெயில், செடிகொடிகளிலிருந்து எடுத்த நறுமண எண்ணெயை 12 சொட்டு விட்டால் 2 சதவீதம். பெரியவர்களின் உடம்புக்கு அதுவே போதும், முகத்துக்கு அதில் பாதி. பர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தோலின் எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கும். நம் நீலகிரித் தைலத்தில் உள்ள சினியோல் என்ற வேதிப்பொருள் கைக்குழந்தையின் மூச்சைத் திணறவைக்கக்கூடும். ஆனால் தங்கள் இதழின் மருத்துவக் குறிப்பிலேயே, சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கருகே அந்தத் தைலத்தைத் தடவச் சொல்லியிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன், அக்கடிதம் வெளியாகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெடுந்தூரம் விமானத்தில் வந்திறங்கிய ஓர் அம்மையார், கெண்டைக்கால் வலிக்கிறது, நன்றாக அழுத்திப் பிடித்துவிடு என்றார். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. தொடமாட்டேன், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியதற்காக மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடிந்துகொண்டார். அன்று மாலை ஸ்கேனில் சிரைக்குள் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. நான் அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். ஒரு வாரப் பயிற்சியில் இதை எந்த நாளில் சொல்லித் தருவார்கள் என்று தங்களைப் பணிவுடன் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காவல்துறைச் சோதனை நடக்கும்போதெல்லாம் "மசாஜ் சென்டரில் அழகிகள் மீட்பு" என்று தலைப்பிடுகிறீர்கள். குற்றம் நடக்கும் இடங்கள் உண்டு. அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் அப்படியொரு தலைப்பு வந்த வாரத்தில்தான் எங்களை வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். மகளின் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று மட்டும் எழுதினேன். எழுதும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2021 டிசம்பரில் ஸ்பாக்களில் சிசிடிவி பொருத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், அடுத்த மாதமே மதுரைக் கிளையின் நீதிபதி ஒருவர் அது அந்தரங்க உரிமைக்கு முரணானது என்று மாறுபட்டதையும் தாங்கள் அறிவீர்கள். அந்த விவாதம் நடந்த நாட்களில், மூடிய கதவுக்குள் முறைப்படி வேலை செய்யும் எங்களில் ஒருத்தியைக்கூட எவரும் கேட்கவில்லை. மத்திய அரசின் திறன் பயிற்சியிலேயே ஸ்பா தெரபிஸ்ட் என்ற பணி இருக்கிறது. அந்தச் சொல்லை ஒருமுறையாவது எங்களுக்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

நான் கேட்பது சிறிது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பயிற்சியில் சேரும் பெண்கள் அங்கே உடற்கூறியல் பாடம் உண்டா, ஆசிரியரின் மேற்பார்வையில் செய்முறை உண்டா என்று விசாரித்துச் சேர வேண்டும் என நான்கு வரி வெளியிடுங்கள். கைக்குழந்தைக்கான அந்தத் தைலக் குறிப்பையும் திருத்துங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போதைய வீட்டு உரிமையாளரும் தங்கள் இதழைத்தான் வாங்குகிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோயம்புத்தூர்.