குருபரம்பரைப் பலகை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

புதிய கராத்தே பள்ளியின் சுவரில் மாட்டுவதற்காக, நம் பாணியான கோஜு-ரியுவுக்கு நீ எழுதி அனுப்பிய குருபரம்பரைப் பட்டியலைப் படித்தேன். போதிதர்மரில் தொடங்கி, ஷாவ்லின் மடம் வழியாக ஹிகாவோன்னா, மியாகி என்று இறங்கி, உன் சங்கத்தின் உலகத் தலைவர் பெயரோடு முடிகிறது. மேலிருந்து கீழே ஒரே கோடு. பெயின்டர் கையில் கொடுப்பதற்கு முன் சில இடங்களை மாற்ற வேண்டும். இதே பட்டியலை வேறு பள்ளிகளிலும் பார்த்திருப்பதால், உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதல் பெயரை எடுத்துவிடு. காஞ்சிபுரத்து இளவரசர் ஒருவர் நம் கலைக்கு மூலவர் என்று எழுத உனக்கு எவ்வளவு ஆசை இருக்கும் என்று தெரியும். ஆனால் அவரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்புகள் அவருடைய ஊர் விஷயத்திலேயே ஒத்துப்போவதில்லை. 547ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட லுவோயாங் கோயில்களைப் பற்றிய நூல், பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தன்லின் என்பவர் எழுதிய முன்னுரை, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உடலை வலுவாக்கும் பயிற்சிகளை அவர் பெயரில் ஏற்றிச் சொல்லும் யிஜின்ஜிங் என்ற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெற்றிடம். தியான மரபின் முதல்வர் என்ற பெருமையே அவருக்குப் போதுமானது. கையில் சான்று இல்லாத ஒரு பெயரைத் தலையில் வைத்தால், அதன் கீழே நீ எழுதும் உண்மையான பெயர்களையும் பார்ப்பவர்கள் சந்தேகிப்பார்கள்.

நாம் உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய தொடக்கம் ஒகினாவாவின் நாஹா துறைமுகம். ஹிகாவோன்னா கன்ரியோ அங்கே 1853இல் பிறந்தார். முதலில் அராகாகி செய்ஷோவிடம் கற்றார். அராகாகி, ரியுக்யு அரசுக்குச் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ரியுக்யு அப்போது சீனாவுக்குத் திறை அனுப்பிக்கொண்டிருந்த சிறிய அரசு. ஃபுஜியன் மாநிலத்தின் ஃபுச்சோ நகரில் அதற்கென்று ஒரு விடுதியே இருந்தது. அந்தப் பாதையில்தான் ஹிகாவோன்னாவும் கப்பலேறினார். ஃபுச்சோவில் ரியு ரியு கோ என்ற ஆசானிடம் பல ஆண்டுகள் பயின்று, 1880களில் நாஹாவில் இருந்தபடி கற்பிக்கத் தொடங்கினார்.

ரியு ரியு கோ என்ற பெயரை எழுது. அதற்கு மேலே எதுவும் எழுதாதே. அது ஒகினாவா நாவில் நின்ற உச்சரிப்பு. சீன எழுத்தில் அந்தப் பெயர் எப்படி இருந்தது என்பதற்கு ஆவணம் இல்லை. அவர்தான் கொக்குப் பாணி ஒன்றை நிறுவிய ஷியே சோங்ஷியாங் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். ஷியே பிறந்தது 1852இல், அதாவது ஹிகாவோன்னாவைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். வயதில் மூத்த ஆசானுக்கு வீட்டுவேலை செய்து பயின்ற சீடன் என்று வாய்வழியாக வரும் கதையோடு இது எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. மியாகி சோஜுனே 1915இல் ஃபுச்சோவுக்குப் போய்த் தன் குருவின் குருவைத் தேடினார். பின்னாளில், 1934இல் கராத்தேயைப் பற்றி எழுதியபோதும், 1828இல் ஃபுஜியனிலிருந்து ஒரு பாணி வந்து சேர்ந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டி நாம் ஏன் போக வேண்டும்?

உன் பட்டியலில் ஹிகாவோன்னாவுக்குக் கீழே மியாகி மட்டும் இருக்கிறார். அவர் பக்கத்திலேயே, அதே வரிசையில், கியோதா ஜுஹாட்சுவின் பெயர் வர வேண்டும். இருவரும் 1902 வாக்கில் ஹிகாவோன்னாவிடம் சேர்ந்தவர்கள். மியாகிக்கு அப்போது பதினான்கு வயது. கியோதா ஒரு வயது மூத்தவர். கியோதா பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, பிறகு கியுஷுவின் பெப்பு நகருக்குக் குடிபெயர்ந்து, 1968 வரை இருந்தார். கோஜு-ரியு என்ற பெயரை ஏற்காமல், தன் குருவின் பெயரெழுத்தை வைத்தே தோஉன்-ரியு என்று தன் பாணியை அழைத்தார்.

அவரைச் சேர்க்கச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. கியோதா வழியில் இருக்கும் கட்டாக்களை, அதாவது வரிசையாகக் கோத்த பயிற்சி அசைவுகளை, நம் கட்டாக்களோடு ஒப்பிட்டுப் பார். சான்சின், சேசான், சான்சேரு, பெச்சுரின் (நாம் சுபாரின்பெய் என்பது) நான்கும் இரண்டு வீட்டிலும் உண்டு. ஆனால் சைஃபா, செய்யுன்சின், ஷிசோச்சின், சேபாய், குருருன்ஃபா ஐந்தும் கியோதாவிடம் இல்லை. ஒரே குரு, ஒரே காலம். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. ஹிகாவோன்னா ஆளுக்கு ஏற்றபடி வேறு வேறாகச் சொல்லிக் கொடுத்தாரா, மியாகி வேறிடத்திலிருந்து கொண்டுவந்தாரா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. கியோதாவின் பெயரை விட்டுவிட்டால் இந்தக் கேள்வியே உன் மாணவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். என்னைப் பொறுத்தவரை, நம் பாணியின் வரலாற்றில் இதைவிடச் சுவையான கேள்வி கிடையாது.

மியாகியும் வாங்கியதை அப்படியே கைமாற்றியவர் இல்லை. ஹிகாவோன்னாவிடம் கற்ற சான்சினை மாற்றி அமைத்தார். மூச்சையும் விரித்த கையின் மென்மையையும் எடுத்து டென்ஷோ என்ற கட்டாவை அமைத்தார். 1940இல், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கென்று கெக்கிசாய் கட்டாக்களை உருவாக்கினார். உன் பள்ளிப் பிள்ளைகள் முதல் வருடத்தில் கற்கும் கெக்கிசாய்க்கு வயது நூறுகூட ஆகவில்லை. அதைப் ‘பல்லாயிரம் ஆண்டுப் பழைமை’ என்று நீ கீழே எழுதியிருக்கும் வரியையும் அடித்துவிடு.

பெயர் வந்த கதையில் ஷின்சாட்டோ ஜின்ஆன் இருக்கிறார், உன் பலகையில் இல்லை. 1930இல் டோக்கியோவில் நடந்த விழாவில் மியாகியின் சார்பில் கட்டா செய்து காட்டியவர் அவர். எந்தப் பாணி என்று அங்கே கேட்டபோது சொல்வதற்குப் பெயரே இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி குருவிடம் அதைச் சொன்னார். கையெழுத்துப் படிகளாகவே ஒகினாவாவில் புழங்கிய புபிஷி என்ற நூலில், உள்வாங்குவதும் வெளிவிடுவதும் கடினமும் மென்மையும் என்று ஒரு வரி உண்டு. மியாகி அதிலிருந்து கடினம், மென்மை என்று பொருள்படும் கோஜுவை எடுத்தார். 1933இல் ஜப்பானின் போர்க்கலைக் கழகமான புதோகுகாயில் அந்தப் பெயர் பதிவானது. மியாகிக்குப் பின் இவர்தான் என்று பலரும் நினைத்த ஷின்சாட்டோ 1945 ஒகினாவாப் போரில் இறந்தார். அதே போரில் மியாகி தம் பிள்ளைகளையும் பறிகொடுத்தார். ‘மியாகிக்குப் பிறகு யார்?’ என்ற சண்டை இன்றுவரை ஓயாமல் இருப்பதற்கு அந்தப் போர் பெரிய காரணம். நம் கலைக்காரர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

போருக்குப் பிறகு நாஹாவின் ட்சுபோயா பகுதியில், வீட்டுத் தோட்டத்திலேயே மியாகி மறுபடி கற்பித்தார். 1953 அக்டோபர் 8இல் காலமானார். வாரிசு என்று எவர் பெயரையும் எழுதி வைக்கவில்லை. டான் என்ற கறுப்புப் பட்டைத் தரமும் எவருக்கும் கொடுத்ததில்லை. அதனால் அவர் பெயருக்குக் கீழே நீ போட்டிருக்கும் ஒற்றை அம்புக்குறி தவறு. பல கிளைகள் வரைய வேண்டும். ஹிகா செகோ, ஹிகாவோன்னாவிடமும் பயின்று, மியாகி இருந்தபோதே தனியாகக் கற்பித்தவர். யாகி மெய்தோக்கு மெய்புகான் என்ற பள்ளியை நிறுவினார். மியாகியின் உடையையும் பட்டையையும் 1963இல் குடும்பத்தார் இவரிடம் கொடுத்தார்கள். மியாசாட்டோ எய்ச்சி தோட்டத்துப் பள்ளியைத் தொடர்ந்து நடத்தி, 1957இல் ஜுந்தோகானைக் கட்டினார். தோகுச்சி செய்கிச்சி ஷோரெய்கானை நிறுவினார். கடைசி ஆண்டுகளில் மியாகியிடம் தினமும் பயின்ற இளைஞர் மியாகி அனிச்சி; அவரிடம் பயின்ற ஹிகாவோன்னா மோரியோ 1979இல் உலக அமைப்பைத் தொடங்கினார். ஜப்பான் பெருநிலத்தில் யமகுச்சி கோகென் கோஜு-காய் அமைப்பை வளர்த்தார். அவர் வழியில் கட்டற்ற குமிட்டேவுக்கு, அதாவது இருவர் மோதும் பயிற்சிக்கு, இடம் அதிகம், அதனால் ஒகினாவாக்காரர்கள் சிலர் அதைத் தள்ளி வைத்துப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். அவரும் மியாகியிடம் கற்றவர்தான்.

ஒரு பிழையைத் தனியாகக் குறித்துக்கொள். கன்ரியோவையும் மோரியோவையும் ஒருவராக்கி ‘ஹிகாவோன்னா (1853–)’ என்று எழுதியிருக்கிறாய். மோரியோ பிறந்தது 1938இல், கன்ரியோ மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. இருவருக்கும் தனித்தனி இடம் கொடு.

இனி நான் வருத்தத்தோடு கேட்பது. உலகத் தலைவரின் பெயரிலிருந்து கோடு நேராக உன் பெயருக்கு வருகிறது. ஒரு முகாமில் அவர் முன்னால் நின்று சான்றிதழ் வாங்கினாய், சரி. ஆனால் சான்சினில் உன் தோளைத் தட்டி, தொடையை அழுத்தி, மூச்சு எங்கே உடைகிறது என்று வாரா வாரம் பார்த்துத் திருத்தியவர் நம் மாஸ்டர். நகராட்சிப் பள்ளி மைதானத்தில், கட்டணம் கொடுக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கற்பித்தவர். வெளிநாட்டுச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை என்பதால் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். சான்சின் தொட்டுத் திருத்தித்தான் வருகிறது. கன்ரியோ மியாகிக்குச் செய்தது அதுதான், மியாகி தோட்டத்தில் செய்ததும் அதுதான். உன்னை அந்தக் கிளையோடு இணைக்கும் ஆள் நம் மாஸ்டர்தான். அவருக்கும் உலகத் தலைவருக்கும் நடுவில் அவருடைய ஆசிரியர் ஒருவர் உண்டு. அந்தப் பெயரை மாஸ்டரிடமே கேட்டு எழுது. நேரில் போய்க் கேள்.

எல்லாப் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும் என்று பெயின்டரிடம் சொல்லிவிடு. திருத்திய பட்டியலை அனுப்பினால், ஜப்பானியப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்