சிமியோனே நூலுக்குத் துணைநின்ற அனைவருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அர்ஜென்டினாவின் டியேகோ சிமியோனே, முரட்டு நடுக்கள கால்பந்து வீரராகத் தொடங்கி, ஸ்பெயினின் அத்லெடிக்கோ மாட்ரிட் அணியின் பயிற்சியாளராக உயர்ந்த வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நூல் அச்சுக்குப் போகும் இவ்வேளையில், முன்பக்கத்தில் இரண்டு வரி நன்றியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எந்த அத்தியாயம் யாருடைய அறிவாலும் உழைப்பாலும் உருவாயிற்று என்பதைப் பலரும் அறியச் சொல்வதே முறை.

முதல் நன்றி, சென்னை லீக் ஆட்டங்களில் பல ஆண்டுகள் பின்கள வீரராக ஆடி ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. பழைய ஒளிப்பதிவுகளை என்னோடு அமர்ந்து பார்த்த அவர், சிமியோனேயின் கால்களைப் பார்க்காமல், பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்கச் சொன்னார். "காலை நீட்டுவது கடைசி வேலை தம்பி, அதற்கு முன்பே பாதிப் பந்தைப் பறித்தாயிற்று" என்று அவர் சொன்னதே இந்நூலின் அடித்தளம். எதிரணி வீரர் எந்தப் பக்கம் திரும்புவார், எந்த இடைவெளியைத் தேடுவார் என்பதை முன்கூட்டியே கணிக்காதவரால் அத்தனை டேக்கிள்களை (எதிரணியினரின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் முயற்சிகளை) வெல்ல முடியாது. பின்னாளில் ஓர் அணி முழுவதையும் நகர்த்திய பயிற்சியாளர், அந்த ஆட்டக்காரருக்குள்ளேயே இருந்தார் என்று நான் உறுதியாக நம்புவதற்கு ஐயா தந்த பார்வையே காரணம்.

அர்ஜென்டினாவின் வேலஸ் சார்ஸ்ஃபீல்ட் இளைஞர் அணியில் பயிற்சியாளர் விக்டோரியோ ஸ்பினெட்டோவிடம் சிமியோனே பயின்ற நாள்களைப் பற்றியும், ஸ்பெயினின் செவில்லா அணியில் பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்தோவின் கீழ் மாரடோனாவோடு ஆடிய பருவத்தைப் பற்றியும் வந்த ஸ்பானியக் கட்டுரைகளைப் பொறுமையோடு எனக்குப் படித்து விளக்கிய ஸ்பானிய மொழி ஆசிரியைக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். 1996 மே மாதம் அல்பசேட்டே அணிக்கெதிரான கடைசி ஆட்டத்தில் சிமியோனேயும் சக வீரர் கிக்கோவும் கோல் அடித்து, ராடொமிர் ஆன்டிச் பயிற்றுவித்த அத்லெடிக்கோவுக்கு ஸ்பானிய லீக் பட்டத்தை உறுதிசெய்தனர். 2011 டிசம்பரில் அதே அல்பசேட்டே, மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த போதும், அத்லெடிக்கோவை ஸ்பானிய மன்னர் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. அடுத்த சில நாள்களில் சிமியோனே பயிற்சியாளராக அழைக்கப்பட்டார். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து எனக்குக் காட்டியவரும் அந்த ஆசிரியைதான்.

அடுத்து, விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சையளிக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர். 1996 டிசம்பரில் பில்பாவோவில் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரர் ஹூலென் கெரேரோவின் தொடையில் சிமியோனேயின் காலணி ஆணிகள் பதிந்து ஏற்பட்ட காயத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது, தசைக்கு என்ன நேரும் என்பதை விளக்கியதோடு, இதை வீரச் செயலாக எழுதிவிடக் கூடாது என்றும் அழுத்தமாகச் சொன்னார். 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பெக்காமுக்குச் சிவப்பு அட்டை கிடைக்கும்படி தாம் விழுந்ததில் மிகைநடிப்பு இருந்தது என்று சிமியோனேயே பின்னர் ஒப்புக்கொண்டதையும் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கடுமையாக ஆடுவதைப் போற்றும் நூல், அதன் எல்லை மீறப்பட்ட இடங்களையும் சொல்லியே ஆக வேண்டும். அவ்வகையில் அந்த மருத்துவர் நூலின் நேர்மைக்கே காவலாக நின்றார்.

மாட்ரிடுக்கு முந்தைய பயிற்சியாளர் வாழ்வை விட்டுவிடாதே என்று வற்புறுத்திய நண்பருக்கும் நன்றி. 2006இல் அர்ஜென்டினாவின் எஸ்துடியாந்தஸ் அணி 23 ஆண்டுகளுக்குப் பின் சிமியோனேயின் பயிற்சியில் லீக் பட்டம் வென்றது. 2008இல் அந்நாட்டின் ரிவர் பிளேட் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தவர், அடுத்த தொடரிலேயே அணி கடைசி இடத்துக்குச் சரிய, பதவி விலகினார். 2011இல் கத்தானியா அணியை இத்தாலிய முதல் பிரிவிலேயே தக்கவைத்தார். இந்த ஏற்ற இறக்கங்கள் இல்லாமல் அவருடைய பிற்கால வெற்றிகளை மட்டும் சொன்னால் அது அரைகுறை வரலாறாகிவிடும்.

மிகப் பெரிய கடன், எங்கள் பகுதியில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிக்கும் பயிற்சியாளருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் பட்டிருக்கிறேன். நால்வர் நால்வராக இரண்டு வரிசைகள், முன்னால் இருவர் என்ற சிமியோனேயின் அணி அமைப்பைத் தாளில் வரைந்து காட்டுவது எளிது. ஆனால் அவர் மாணவர்களை மைதானத்தில் நிறுத்தி, பந்து இடப்பக்கம் போகும்போது எட்டுப் பேரும் ஒன்றாக அப்பக்கம் நகர்ந்து நடுவிலுள்ள இடைவெளியை எப்படி அடைக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்ப ஆடிக் காட்டச் செய்தார். ஒரே ஒரு பையன் சோர்ந்து பின்தங்கினாலும் அந்த வரிசை முழுவதும் பொருளிழந்து போவதைக் கண்ணால் பார்த்தேன். அத்லெடிக்கோ 2013இல் ரியல் மாட்ரிடை அவர்களுடைய மைதானத்திலேயே 2-1 என்று வென்று மன்னர் கோப்பையைப் பெற்றது, 2014 மே 17 அன்று பார்சலோனா அணிக்கெதிராக அவர்களுடைய மைதானத்தில் தன் வீரர்கள் டியேகோ கோஸ்டாவும் அர்டா துரானும் முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறிய பின்னும், கார்னரிலிருந்து (மூலை உதையிலிருந்து) வந்த பந்தைப் பின்கள வீரர் கொடின் தலையால் முட்டிக் கோலாக்கிய 1-1 சமநிலையால் லீக் பட்டத்தை வென்றது, 2015-16 லீக் பருவம் முழுவதிலும் 18 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்தது ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த உழைப்பு அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்த வரிசைகளுக்கு வேண்டிய உடல் வலிமையை உருவாக்கிய ஆஸ்கர் ஒர்தேகாவையும், நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஹெர்மன் புர்கோஸையும் பற்றித் தனிப் பகுதி எழுத வேண்டும் என்ற எண்ணமும் அந்த மைதானத்தில்தான் பிறந்தது. துணைநின்றோரைச் சொல்லாமல் சிமியோனேயின் கதையும் முழுமையடையாது.

2014 லிஸ்பன், 2016 மிலான் ஆகிய இரு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்களின் தோல்விகளைச் சுருக்கிவிடாமல் விரிவாகவே அச்சிட இசைந்த பதிப்பாளருக்கும், ஆட்டப் பதிவுகளைத் தேடித் தந்த இளைஞர்களுக்கும், அயல்மொழிப் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த மெய்ப்புத் திருத்துநருக்கும், நள்ளிரவுத் தொலைக்காட்சி ஓசையைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

அச்சான முதல் படிகள் மேலே குறிப்பிட்ட ஒவ்வொருவர் கைக்கும் நேரில் வந்து சேரும். மைதானத்தில் எனக்காக ஓடிய அந்தச் சிறுவர்களின் பெயர்கள் அனைத்தும், பெற்றோரின் இசைவோடு, நூலின் முதல் பக்கத்தில் இடம்பெறுகின்றன.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்